சராசரிக்கு அடங்காத சனிக்கிழமை

மிர்ரபீனா மாவட்ட ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை நடைவழியின் ஒரு கோடியில் இருக்கிறது. அவசரப் பிரிவு மறு கோடியில். நடுவில் வரவேற்பு மேசை, அதற்குப் பின்னால் நான். என் பெயர் டெஸ். ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் கேட்கும். இந்தத் தூரத்தைக் கடக்க ஓர் எக்ஸ்ரே படம் சனிக்கிழமை சாயங்காலங்களில் எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் வீட்டுக்குப் போய், குளித்து, மனைவியோடு சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பி வந்துவிடலாம். மிகைப்படுத்தவில்லை. ஒரு தடவை செய்தே பார்த்திருக்கிறேன்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஒரே ஒரு ஒல்லிக் கேபிளில் கோத்துக் கிடந்தன. சனிக்கிழமை என்றால் ஊரில் ஃபுட்டி, எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து. ஆட்டம் முடிந்ததும் முழங்கால், தோள்பட்டை, மூக்கு என்று எல்லாம் ஒரே சமயத்தில் உடைந்து வந்து பெஞ்சில் உட்காரும். எக்ஸ்ரே எடுக்கிற நோலீன் கார்மோடி படங்களை அனுப்புவாள். அதே நேரத்தில் ரத்தப் பரிசோதனைக்காரர்கள் முடிவுகளை அனுப்புவார்கள், மருந்தகம் மருந்துச் சீட்டை அனுப்பும், சமையலறை ராத்திரிச் சாப்பாட்டுப் பட்டியலை அனுப்பும். எல்லாம் கேபிளுக்குள் நுழைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும்.

நோலீன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். இதைவிடத் தடிமனான கேபிள் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

கேபிள் வரவில்லை. வலைப் போக்குவரத்து அளவீடு மற்றும் மாதிரியாக்க இயக்ககம் வந்தது.

வந்தவர்கள் மாவுக்கட்டு போடுகிற அறையைக் காலி செய்யச் சொல்லி அதில் குடியேறினார்கள். அதன்பிறகு மாவுக்கட்டு நடைவழியில்தான். இயக்குநர் பெயர் அலிஸ்டர் கிம்ப்டன். வரிசையில் காத்திருப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த மனிதர் எந்த வரிசையிலும் நின்று நான் பார்த்ததில்லை. கான்டீனில் நேராக முன்னால் போய் சாசேஜ் ரோலை எடுத்துக்கொள்வார்.

முதல் வேலையாகச் சுவரெங்கும் அளவுப் பெட்டிகளை மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் எதை அனுப்பினாலும் அது துண்டு துண்டாக நறுக்கப்பட்டுத்தான் போகிறது, அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். அளவுப் பெட்டி தன்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் நகலெடுத்து மாவுக்கட்டு அறைக்கு அனுப்பும். எந்த வழியாக? அதே ஒல்லிக் கேபிள் வழியாக. ஆக முன்பு ஒரு படம் சிக்கிக்கொண்ட இடத்தில் இப்போது படமும் அதன் நகலும் சிக்கிக்கொண்டன. இந்த நெரிசல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் சில பெட்டிகளை மாட்டினார்கள்.

பிறகு எங்களை எல்லாம் ஓய்வறைக்கு அழைத்து அலிஸ்டர் பேசினார்.

"என்னை அலிஸ்டர்னே கூப்பிடுங்க. நமக்குள்ள டாக்டர் கீக்டர் எல்லாம் எதுக்கு?" என்று ஆரம்பித்தார். அவருடைய கதவில் டாக்டர் என்று பித்தளையில் பொறித்து மாட்டியிருந்தது. "கேபிள் நிரம்பி வழியுதுன்னு நீங்க சொல்றது உங்க உணர்வு. உணர்வை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா வருஷம் முழுக்க, ராத்திரி பகல் எல்லாத்தையும் சேர்த்து சராசரி எடுத்துப் பார்த்தா, அந்தக் கேபிள் காலியாத்தான் கிடக்கு."

"ராத்திரியில யாரு அனுப்புவா? நாங்க தூங்கறோம்ல" என்றாள் நோலீன்.

"கரெக்ட்டா சொன்னீங்க. நீங்க தூங்கற நேரத்தை நீங்க பயன்படுத்திக்கவே இல்ல."

"சனிக்கிழமை சாயங்காலம்?"

"அது விதிவிலக்கு. விதிவிலக்கைக் கணக்குலேருந்து எடுத்துடுவோம். அதான் முறை."

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

"மிச்சம் ரொம்ப அழகா வருது, நோலீன்" என்றார். அவர் முகத்தில் உண்மையான பரவசம் இருந்தது.

சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார்கள். வழுவழுவென்று ஏறி வழுவழுவென்று இறங்கும் ஒரு கோடு. அதுதான் மாதிரி, அதாவது போக்குவரத்து எப்படி இருக்க வேண்டும் என்று இவர்கள் கணக்குப் போட்டு வரைந்தது. பக்கத்திலேயே உண்மையில் அளந்தது, முள்ளம்பன்றி போலச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. இரண்டும் ஒட்டவே இல்லை. மாதிரியைத் திருத்துவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எங்களைத் திருத்த ஆரம்பித்தார்கள்.

அவர்களுடைய மாதிரியின் அடிப்படை இதுதான்: யாரும் யாரோடும் தொடர்பில்லாமல், தோன்றின நேரத்தில் அனுப்புகிறார்கள். ஒருத்தர் அனுப்புவதற்கும் இன்னொருத்தர் அனுப்புவதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. இதற்கு முதல் எதிரி ஃபுட்டி என்று முடிவானது. ஆட்டக்காரர்கள் தங்கள் காயங்களை வாரம் முழுவதும் சீராகவும், ஒருவருக்கொருவர் தொடர்பின்றியும் பெற்றுக்கொள்ள ஆவன செய்யும்படி இயக்ககம் கிளப்புக்குக் கடிதம் அனுப்பியது.

கிளப் தலைவர் கெவ் அந்தக் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "ஏம்பா டெஸ், எந்த லூசுப்பா இதை எழுதினான்? புதன்கிழமை எவனாவது தானாப் போய் கோல் கம்பத்துல மோதிக்கணுமா?"

அந்தப் பக்கம் வந்த அலிஸ்டர் நின்றார். "புதன் நல்ல நாள்தான். செவ்வாயும் காலியா இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கிண்டல் செய்கிறார் என்று கெவ் நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஆளைத் தெரியும்.

அடுத்தது மார்னிங் டீ. பத்தரைக்கு எல்லோரும் ஓய்வறைக்குப் போய் லாமிங்டன் கேக் தின்று, ஊர்வம்பு பேசி, ஒன்றாகத் திரும்பி வந்து ஒன்றாகக் கம்ப்யூட்டரைத் தட்டுகிறோம். இது ஊழியர்களிடையே ஒத்துழைப்பு நிலவுவதற்கான தெளிவான அறிகுறி என்று கண்டித்துச் சுற்றறிக்கை வந்தது. இனி ஆளாளுக்குத் தனித்தனியே, குலுக்கலில் விழுந்த நேரத்தில் டீ. எனக்கு விழுந்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில். காலி அறையில் சுவரைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டு, டீ குடித்த கையோடு மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

அதுவும் போதவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் ஆறு முகமுள்ள ஒரு தாயக்கட்டையை வைத்தார்கள். எதை அனுப்புவதாக இருந்தாலும் கட்டையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் அனுப்பலாம். விழாவிட்டால் காத்திருந்து மறுபடி உருட்ட வேண்டும்.

அவசரப் பிரிவு டாக்டர் சான்ட்ரா வூகோவிச், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு கிழவருக்கு ரத்தப் பரிசோதனை கேட்டு அனுப்புவதற்காகக் கட்டையை உருட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு. மூன்று. மறுபடி இரண்டு.

"உங்க கை ராசியில்லம்மா. இப்படிக் குடுங்க, நான் போடறேன்" என்றார் கிழவர்.

அவர் போட்டதும் ஆறு விழுந்தது. வார்டே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், தட்டிவிட்டு என் கையைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

நோலீனுக்கு அன்றோடு வெறுத்துப் போனது. "போடா நீயும் உன் கட்டையும்" என்று சொல்லிவிட்டு, படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடைவழியில் நடந்தாள். அந்தக் கோடியில் டாக்டரிடம் கொடுத்தாள். அவ்வளவுதான். வழியில் என்னிடம் நின்று ஒரு ஜோக் சொல்லவும் நேரமிருந்தது. அவளைப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்காரர்களும் நடந்தார்கள், மருந்தகமும் நடந்தது. ஆஸ்பத்திரி ஒருவழியாக ஆஸ்பத்திரி மாதிரி ஓடத் தொடங்கியது. கேபிள் காலியானது.

இயக்ககம் வெற்றி விழா எடுத்தது. நெரிசலை மாதிரியாக்கத்தாலேயே ஒழித்துக் காட்டியதற்காக. கூட்டமாக வரக் கூடாது என்பதால் விழாவுக்கும் குலுக்கல் நேரம். அலிஸ்டர் ஒரே உரையை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக ஆற்றினார். எனக்கும் ஆற்றினார், நேருக்கு நேர், மைக்கில்.

"இதை எப்படிச் சாதிச்சோம்? ஜனங்களைக் கேக்கல. கேட்டிருந்தா கேபிள் வேணும்னு சொல்லியிருப்பாங்க. நாங்க அளந்தோம்!" என்று முழங்கிவிட்டு, நான் கைதட்டுவதற்காக இடைவெளி விட்டார்.

மறு வாரமே அந்த வெற்றியின் அடுத்த பாகம் வந்தது. எக்ஸ்ரே அறையிலிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை. பாக்கெட் இல்லையென்றால் தேவை இல்லை. தேவையில்லாத அறையை மூடி மெஷினை நகரத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டியது. நகரத்துக்குக் காரில் போய் வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பிள்ளையின் கை உடைந்தாலும், கிழவியின் இடுப்பு உடைந்தாலும், உடைந்ததைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட வேண்டும்.

நோலீன் நேராக மாவுக்கட்டு அறைக்குப் போய் அலிஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பெஞ்சைக் காட்டினாள். கட்டுப்போட்ட கால்களும் வீங்கிய கைகளுமாகப் பெஞ்ச் நிறைந்திருந்தது.

"தேவை இல்லங்கறீங்களே, இவங்கல்லாம் யாரு? கண்ணால பாருங்க."

"பாக்கறேன், நோலீன். ஆனா பாக்கறது அளவீடு ஆகாதே." அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "மாசக் கடைசி சனிக்கிழமை வரைக்கும் மறுபரிசீலனை இருக்கு. அதுவரை உங்க அறையிலேருந்து சீரா, இடைவிடாம போக்குவரத்து வந்தா அறை இருக்கும். அனுப்பற இடத்தை நாங்க மூலம்னு சொல்வோம், அது கொஞ்சம் மௌனமானாலும் செத்துட்டதா எடுத்துக்குவோம்."

"ஜனங்க சீரா எலும்பை உடைச்சுக்க மாட்டாங்களே."

"அதான் ஜனங்ககிட்ட உள்ள பிரச்சனை" என்றார் அலிஸ்டர்.

மறுநாள் காலையில் நோலீன் ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்கு வாங்கி வைத்திருந்த முழு ஆட்டுத்தொடை. அதை எக்ஸ்ரே மேசையில் கிடத்தினாள். நோயாளி பெயர் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. டாரில் கார்மோடி என்று தட்டினாள். வேறொருத்தியோடு குவீன்ஸ்லாந்துக்கு ஓடிப்போன அவள் புருஷனின் பெயர்.

"இத்தனை வருஷத்துல அந்த ஆளு பேரு உருப்படியா ஒண்ணுக்கு உதவுது" என்றாள்.

முதலில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினாள். ஒரே படம் எத்தனை தடவை வந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும் என்று குறிப்பு வந்தது. ஆகவே ஒவ்வொரு தடவையும் தொடையைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் புதுப் படம். திருப்பு, எடு, அனுப்பு. திருப்பு, எடு, அனுப்பு. கட்டை உருட்டவும் வேண்டியிருக்கவில்லை. சீராக அனுப்புகிற மூலங்களுக்கு அதில் விலக்கு.

மாவுக்கட்டு அறையில் திருவிழா. எக்ஸ்ரே அறையின் கோடு மாதிரியின் கோட்டோடு மயிரிழை பிசகாமல் ஒட்டிக்கொண்டது. அலிஸ்டர் அதைப் பெரிதாக அச்சடித்து நடைவழியில் மாட்டினார். "இந்த டாரில் மாதிரி இன்னும் நாலு நோயாளி இருந்தாப் போதும், இந்த ஆஸ்பத்திரி எங்கேயோ போயிடும்" என்று என்னிடம் சொன்னார்.

நிஜ நோயாளிகள் பெஞ்சில் காத்திருந்தார்கள். இரண்டு தொடைப் படங்களுக்கு நடுவில் நோலீன் ஒரு மணிக்கட்டை எடுத்துவிட்டு, வியர்த்து ஒழுக மறுபடி தொடையைத் தூக்கி வைப்பாள். நாலைந்து நாளில் அது நாற ஆரம்பித்தது. பிறகு பச்சை பூத்தது. நடைவழி முழுக்க அந்த வாடை. ஈக்கள் அளவுப் பெட்டிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நோயாளிகளை வரவேற்றேன்.

"வேற தொடையை மாத்தித் தொலையேன் தாயே" என்றேன்.

"புது எலும்புன்னா புது ஆளாப் பதியணும் டெஸ். புது ஆளு வந்தா கோடு உடைஞ்சிடும்." அவள் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானே. பொறுத்துக்கோப்பா. அறை தங்கிடும்."

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, பெண்கள் ஆட்டத்தில் கெவ்வின் மகள் டீகன் பந்துக்கு எகிறித் தலைகீழாக விழுந்தாள். கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி அப்படியே தூக்கி வந்தார்கள். வாயில் புல் ஒட்டியிருந்தது.

"அப்பா, என் விரலெல்லாம் எங்க இருக்குன்னே தெரியலப்பா" என்றாள். கெவ் அவள் விரல்களைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வூகோவிச் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்தே கத்தினார். "நோலீன்! கழுத்து! எல்லாப் பக்கமும் வேணும், இப்பவே!"

நோலீன் கதவில் நின்றாள். உள்ளே மேசையில் தொடை. கழுத்துக்கு நாலு பக்கமும் படம் எடுத்து முடிக்கிற வரை தொடை கீழே இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவு நேரம் அறையிலிருந்து ஒன்றும் போகாது. அன்று சாயங்காலம் மட்டும் தாக்குப்பிடித்தால் அறை ஊருக்கு நிலைத்துவிடும். அவள் யோசித்தாளா என்று கேட்டால், யோசித்தாள். நான் பார்த்தேன். அவளை அந்த யோசனைக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஜென்மங்களை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

பிறகு அவள் தொடையைக் காலைப் பிடித்துத் தூக்கி மூலையில் வீசினாள். மேசையைக் கழுவித் துடைத்தாள். டீகனைப் பலகையோடு ஏற்றினோம்.

படங்களை எடுத்துக்கொண்டு நோலீன் ஓடினாள். கழுத்தெலும்பில் ஒன்று உடைந்து உள்ளே அழுத்திக்கொண்டிருந்தது. "நல்லவேளை, அசைக்காம வச்சிருந்தீங்க. நகரத்துல ஆபரேஷன் பண்ணியாகணும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு டெஸ்" என்றார் டாக்டர். கூப்பிட்டேன்.

அதற்குள் மாவுக்கட்டு அறையிலிருந்து அலிஸ்டர் ஓடி வந்தார். "மூலம் மௌனமாயிடுச்சு! டாரிலுக்கு என்ன ஆச்சு?"

"அதோ உங்க டாரில்" என்று மூலையைக் காட்டினாள் நோலீன்.

அவர் பார்த்தார். ஈ மொய்த்துக்கொண்டு பச்சையாகக் கிடந்தது. இப்போதாவது இந்த ஆள் தலைகுனிவான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் குனிந்து அதை இரண்டு கையாலும் தூக்கினார். கோட்டில் சொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஆடா மனுஷனாங்கறது மாதிரிக்குத் தேவையில்லாத தகவல்" என்றார் மெதுவாக. "இவர் ஃபுட்டி ஆடல. டீ குடிக்கப் போகல. யாரையும் பாத்து எதையும் செய்யல. இந்த ஆஸ்பத்திரியிலேயே ஒழுங்கா நடந்துக்கிட்ட ஒரே ஆள் இவர்தான். இவரைத் தூக்கி எறிஞ்சிருக்கீங்களே, நோலீன்." தொடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அறையை மூடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அப்போது வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஊருக்கு இருப்பது அது ஒன்றுதான். டிரைவர் டிரேசி கையிலிருந்த திரையைப் பார்த்தபடி வந்தாள். "நகரத்துக்கு மாத்தற நோயாளி டாரில் கார்மோடி யாருங்க?"

"இல்லம்மா, டீகன். இதோ இந்தப் பொண்ணு" என்றேன்.

"அப்படி யாரும் இதுல இல்லியே. ஆம்புலன்ஸ் முன்னுரிமையெல்லாம் இப்ப போக்குவரத்தை வச்சுதான் வருது. டீகன்கற பேர்ல ஒண்ணுமே போகல. டாரில் பேர்ல ஆயிரக்கணக்கான படம் போயிருக்கு. பாவம், ரொம்ப முடியலபோல." திரையை எனக்குக் காட்டினாள். அவள் கெட்டவள் இல்லை. "பேரை மாத்தினா வண்டி கிளம்பாது, டெஸ். பூட்டிக்கும்."

டீகன் பெயரில் ஒன்றும் போகவில்லைதான். அவள் படங்களை நோலீன் கையில் தூக்கிக்கொண்டல்லவா ஓடினாள். அப்போதே உட்கார்ந்து அனுப்பப் பார்த்தாள் நோலீன். சனிக்கிழமை சாயங்காலம். அறை மௌனமானதும் விலக்கும் போயிருந்தது, கட்டையை உருட்டினாள். நாலு. ஒன்று. மூன்று. கெவ் கட்டையைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார்.

"என் வண்டியில போவோம்" என்றார்.

டீகனைப் பலகையோடு கெவ்வின் யூட் வண்டியின் திறந்த பின்பக்கத்தில், மெத்தை மேல் வைத்துக் கட்டினோம். தலைமாட்டில் டாக்டர் வூகோவிச் மண்டியிட்டுக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நோலீன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, கெவ் ஊர்ந்துகொண்டு போனார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் டீகன் கண்ணை மூடிக்கொண்டாள். "விரல் தெரியுதாம்மா?" என்று நோலீன் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ். கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது: ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போட்டு, கம்பளி போர்த்திப் படுத்திருந்தது தொடை. பக்கத்தில் அலிஸ்டர், அதன் மேல் கை வைத்தபடி.

கெவ் வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கி, நிறுத்தி, வழிவிட்டார். சட்டப்படி விட்டுத்தான் ஆக வேண்டும்.